வளருது

உவர்க்குடியிருப்பு உப்பளத்தில் குகை திறந்த அன்று, அதைவிடப் பெரிய சங்கதியாக ஊரில் பேசப்பட்டது தண்ணி லாரி வராமல் போனதுதான். குடங்களை வரிசையில் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நின்ற பெண்களிடம் ஓர் ஆள் ஓடிவந்து, கடல்தண்ணீர் தேக்கி வைக்கிற தெப்பம் ஒரே மிடறில் பூமிக்குள் இறங்கிவிட்டது, அடியில் ஒரு வாய் திறந்திருக்கிறது, அதற்குள் வெள்ளைவெளேரென்று ஒரு பாதை கிழக்கே கடலுக்கடியில் போகிறது என்று மூச்சிரைக்கச் சொன்னான். "குடிக்கிற தண்ணியா, உப்புத் தண்ணியா இறங்குச்சு?" என்று கேட்டார்கள். உப்புத் தண்ணி என்றதும், "அப்பச் சரி" என்று திரும்பவும் ரோட்டைப் பார்த்தார்கள்.

இரண்டொரு நாளில் குகை ஊருக்குப் பழகிப்போனது. சுவரும் உப்பு, கூரையும் உப்பு, காலுக்கடியில் நெறுநெறுவென்று உடைவதும் உப்பு. காலையிலிருந்து பாத்தியின் வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்துபோன சனம் மத்தியானம் அங்கே போய்க் கஞ்சி குடித்தது. இழுப்பு நோய்க்காரர்கள் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். மீன்காரிகள் விற்காமல் மிஞ்சின மீனை ஓரமாக அடுக்கிவைத்தார்கள், எத்தனை நாளானாலும் அது கெடவில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனார்கள், எதற்குப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இது எப்படி வந்தது என்று கேட்ட ஒரே ஆள் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவரும் மாறுதலாகிப் போய்விட்டார்.

அளக்க வேண்டும் என்ற நினைப்பு கங்காணி வைகுண்டத்துக்குத்தான் வந்தது. குகை கடலுக்கடியில் போனால் குற்றமில்லை, தெற்கே திரும்பிப் பக்கத்து அளத்துக்கு அடியில் போய்விட்டால் அந்த முதலாளி நாளைக்கே வந்து தனக்குத்தான் சொந்தம் என்பான், அதற்கு முந்தி எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று நாம் அளந்து வைத்துவிட வேண்டும் என்றார். ஆள் தேடுகிற வேலையே இல்லை. உப்பை அம்பாரமாகக் குவிக்கிற இடத்தில் நின்று, தலைச்சுமையாக வந்து விழுகிற பெட்டிகளை எண்ணிச் சொல்கிறவன் திரவியம். எதிர்காற்றிலும் அவன் குரல் கடைசிப் பாத்திவரைக்கும் போகும். அவன் எண்ணியதைத் திருப்பிச் சொல்கிறவள் அவன் பெண்சாதி புஷ்பக்கனி. அவன் சொல்லி இவள் திருப்பிச் சொன்னால்தான் அந்தப் பெட்டி கணக்கில் சேரும். இந்த ரெண்டுபேரும் வீட்டில் பேசிக்கொண்டதைவிட அம்பாரத்தடியில் எண்ணிக்கொண்டதுதான் அதிகம் என்று ஊரில் கேலி உண்டு.

அந்த எண்ணிக்கைக்கு ஒரு முறை இருந்தது. ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள், லாபம் என்று ஆரம்பிப்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அதேபோல் அம்பாரம் முழுக்க லாரியில் ஏறித் தரை தெரிந்த பிறகும், முடிஞ்சுது என்று சொல்ல மாட்டார்கள். உப்புக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னால் உப்பு அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. "எப்படி இருக்கு?" என்று லாரிக்காரன் கேட்பான். "வளருது" என்று இவர்கள் சொல்வார்கள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியை எடுப்பான். வளருது என்றால் தீர்ந்துவிட்டது, ஒன்றுமில்லை, கிளம்பு என்று அர்த்தம். வீட்டில் அரிசிப் பானை காலியானாலும் அதே சொல்தான். புஷ்பக்கனிக்கு வயிற்றில் பிள்ளை தங்காமல் போன ஒவ்வொரு தடவையும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளிடம் பக்கத்து வீட்டுப் பிரம்மசக்தி கண்ணாலேயே கேட்டபோது, அவள் சொன்னதும் அந்தச் சொல்தான்.

ஒரு பங்குனிக் காலையில், ஊரில் இருந்த நல்ல கயிறுகளையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்து, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, ஒரு நுனியைத் திரவியத்தின் இடுப்பில் புஷ்பக்கனியே கட்டிவிட்டாள். சிவப்புத் துணி கைக்கு வரும்போதெல்லாம் அவள் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவாள், உள்ளேயிருந்து அவன் எண்ணுவான், வெளியேயிருந்து அவள் திருப்பிச் சொல்லுவாள் என்று ஏற்பாடு.

"இறுக்காத ளா. மாட்டக் கட்டுத மாதிரி கட்டுத."

"மாடுன்னா சொன்ன பேச்சாவது கேக்கும்."

"உலையில அரிசி கிடக்குன்னு சொன்னியே, போய் இறக்கு. அதுக்குள்ள கடல அளந்துட்டு வந்திருதேன்."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனான். சுற்றி நின்றவர்களும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். லாபம் என்று அவன் குரல் வந்தது, லாபம் என்று அவள் சொன்னாள். ரெண்டு, ரெண்டு. நடுநடுவே உள்ளே கண்டதையும் சொல்லிக்கொண்டே போனான். ஆலமரத்து விழுது மாதிரி உப்பு தொங்குகிறது, நக்கிப் பார்த்தேன் கசக்கிறது என்றான். ஆறு ஒன்று குறுக்கே போகிறது, ஆனால் ஓடவில்லை, உறைந்து நிற்கிறது என்றான். தலைக்கு மேலே கப்பல் போகிற சத்தம் கேட்கிறது, குனிந்து போகிறேன் என்றான். கட்டி வைத்த கயிற்றில் கடைசிக் கயிறு ஓடிக்கொண்டிருந்தபோது இழுப்பு நின்றது.

"செவுரு வந்துட்டு!" என்றது குரல்.

கங்காணி வாயில் கைகுவித்து, "எப்பிடிலே இருக்கு?" என்று கூப்பிட்டார்.

அதுவரைக்கும் வேர்த்து வழிந்த உள்ளங்கையைக் குகையின் கடைசிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, அவனுடைய அப்பனும் அப்பனுக்கு அப்பனும் உப்புக்கு முன்னால் நின்று எதைச் சொன்னார்களோ, வேறு எதைச் சொல்லவும் நாக்குக்குத் தெரியாதோ, அதைத் திரவியம் சொன்னான்.

"வளருது!"

வாசலில் நின்றவர்களுக்குப் புரிந்தது. குகை தீர்ந்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள், கங்காணி பீடியைப் பற்றவைத்தார், சனம் கலையத் தொடங்கியது. ஆனால் உப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. புஷ்பக்கனியின் கையில் கயிறு மெதுவாக அசைந்தது, பிறகு உள்ளே போகத் தொடங்கியது.

"போதும், வாங்க!" என்றாள்.

"கை ஒட்டிக்கிட்டு ளா! ஈரக்கை ஒட்டிக்கிட்டு! செவுரு போவுது, என்னயும் இழுத்துட்டுப் போவுது!"

திரவியத்தின் தம்பி லிங்கதுரை டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினான். ஓடினவன் திரும்பி வந்தபோது உதடு வெடித்து, கண் உள்ளே போய், வற்றல் மாதிரி இருந்தான். ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் அண்ணன் குரல் அடுத்த வளைவில் கேட்கிறது, நான் ஓடினால் சுவரும் ஓடுகிறது, நான் நடந்தால் அதுவும் நடக்கிறது என்றான். அவனுக்குப் பின்னால் போனவர்களும் அப்படியே வந்தார்கள். உள்ளே இருக்கிற காற்று மனிதனிடமிருந்து தண்ணீரை வாங்கிக்கொள்கிறது, தண்ணீர் கொண்டுபோனால் தண்ணீரும் உப்பாகிவிடுகிறது. அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. கயிறு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கயிறு விட்டுப்போனால் ஆள் விட்டுப்போவான் என்று ஊருக்குத் தெரிந்தது. அதனால் கொடுத்தார்கள். கிணற்றுக் கயிற்றைக் கொடுத்தார்கள், வாளியைக் கையால் இறக்க முடியாமல் கிணற்றை மூடினார்கள். மாட்டுக் கயிற்றைக் கொடுத்தார்கள், மாடுகள் இஷ்டத்துக்கு அலைந்து ரோட்டில் படுத்தன. நைலான் வலையை அறுத்துத் திரித்தார்கள். பழஞ்சேலைகளைக் கிழித்து முறுக்கினார்கள், துணி காயப்போட்ட கொடிகளை அவிழ்த்தார்கள், மாதா கோயில்காரர்கள் தேர்வடத்தையும் அம்மன் கோயில்காரர்கள் கொடிக்கயிற்றையும் ஒரே நாளில், யார் முதலில் கொடுத்தது என்று ஒரு சண்டையோடு, கொண்டுவந்து போட்டார்கள். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு, சிவப்புத் துணி கட்டி, உள்ளே விட்டாள் புஷ்பக்கனி. குரல் கேட்காத தூரத்துக்கு அவன் போய்விட்ட பிறகும் சிவப்புத் துணி வரும்போதெல்லாம் சுண்டினாள், எண்ணிச் சொன்னாள். பதிலுக்குக் கயிறு ஒருமுறை சுண்டும். அதுதான் அவன் குரல்.

குகை வாசலிலேயே நாலு தகரத்தைச் சாத்தி ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். முதல் வாரம் பூவரச இலையில் சோறு பொதிந்து கயிற்றில் கட்டிவிட்டாள். பிறகுதான் தோன்றியது, தான் கட்டின சோறு கயிற்றோடு போகிறதே தவிரக் கயிற்றைத் தாண்டிப் போகாது, அவன் நடக்க நடக்க அதுவும் அதே தூரத்தில் அவனுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும், ஒருநாளும் போய்ச் சேராது என்று. தெரிந்த பிறகும் கட்டிவிட்டாள். கட்டாமல் இருக்கக் கை கேட்கவில்லை.

"அவன் பசிய நினைச்சு அழாத தாயி" என்று வைகுண்டம் ஆறுதல் சொன்னார். "உப்புக்குள்ள கிடக்கிற எதுவும் கெடாது."

"அவிய மனுசனா கருவாடா, சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் புஷ்பக்கனி.

அவர் பாத்திகளைப் பார்த்தார். எல்லோரும் அப்போது பாத்திகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் உப்பு வளர்ந்துகொண்டிருந்தது. காலையில் வாரிவிட்டுப் போன பாத்தி சாயங்காலம் திரும்பவும் வெள்ளை பூத்து நின்றது. கல்கண்டு மாதிரிக் கல், கையில் எடுத்தால் வெளிச்சம் உள்ளே போய் வெளியே வரும். மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடப்பதுதான் உலக வழக்கம், அந்த ஐப்பசியில் மழைத்தண்ணீருக்கடியிலும் உப்பு விளைந்தது. அம்பாரங்கள் பனைமரத்தைத் தாண்டி ஏறின. ஓலைவீடுகள் ஓட்டுவீடாயின. பிரம்மசக்தியின் மகளுக்கு மாப்பிள்ளை வந்தது. லிங்கதுரை மோட்டார்சைக்கிள் வாங்கி, அதன் முன்னால் 'அண்ணன் துணை' என்று எழுதிக்கொண்டான். திரவியம் நடக்கிறான், அதனால் உப்பு வளருகிறது என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு அவன் சாமியாகிவிட்டான். யாரோ கயிற்றுக்குச் சந்தனம் பூசினார்கள். யாரோ சூடம் கொளுத்தினார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளும், கடலுக்குப் போகிறவர்களும் வந்து கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கயிறு ஒருமுறை சுண்டினால் காரியம் ஜெயம். பிள்ளையில்லாத பெண்கள் வந்து புஷ்பக்கனியிடமே ஒரு முடிச்சுப் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டார்கள், அவளும் போட்டுக்கொடுத்தாள், அவர்களில் சிலருக்குப் பிள்ளையும் பிறந்தது. அவளுடைய புருஷனை அவன், இவன் என்று பேசின வாயெல்லாம் இப்போது அவிய, இவிய என்று பேசியது. அவளிடம் மட்டும் யாருக்கும் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. பூ வைத்துக்கொள் என்றும் சொல்ல முடியவில்லை, வைக்காதே என்றும் சொல்ல முடியவில்லை.

கயிற்றின் சுண்டல் தேய்ந்துகொண்டே வந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதலில் ஒரு ஆம்பளையின் கைபோல இருந்தது, பிறகு நோயாளியின் கைபோல, பிறகு தூக்கத்தில் புரளுகிற குழந்தையின் கைபோல. அவன் தூங்கிக்கொண்டே நடக்கிற நேரங்கள் அவளுக்குத் தெரியும். நடந்துகொண்டே அழுகிற நேரங்களும் தெரியும், அப்போது கயிறு சீராகப் போகாமல் விட்டு விட்டுப் போகும். சாமிக்கு இதெல்லாம் உண்டா என்று யாரிடம் கேட்பாள்.

இரண்டாவது கோடையில் கோகிலவாணி என்று ஒரு அம்மாள், நிலத்தைப் படிக்கிற உத்தியோகம், கோயம்புத்தூர்ப் பக்கம், மூன்று கால் வைத்த கருவியோடு வந்து இறங்கினாள். சிவப்பு வெளிச்சத்தை உள்ளே அனுப்பி அளக்கிற கருவி. அனுப்பினாள். கருவியில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன, நிற்கவில்லை. வெயில் தாங்காமல் தகரக் குடிசைக்குள் வந்து உட்கார்ந்து, புஷ்பக்கனி கொடுத்த நீராகாரத்தைக் குடித்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து கேட்டாள்.

"கடைசிச் சுவரைத் தொட்டுட்டுத்தானுங்க சொன்னாரு? அப்புறம் ஏனுங்க்கா வளருதுன்னு சொன்னாரு?"

"முடிஞ்ச..." என்று தொடங்கிப் புஷ்பக்கனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்பிடித்தான் சொல்லுவோம். ஒண்ணும் இல்லன்னா வளருதும்போம்."

"ஏனுங்க, தீர்ந்துபோனதைத் தீர்ந்துபோச்சுன்னு உங்க ஊர்ல ஒருத்தருமே சொல்ல மாட்டீங்களா?" என்று அந்த அம்மாள் சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை, வெள்ளந்தியாகத்தான் சிரித்தாள். கருவியை மடக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.

புஷ்பக்கனியின் கையில் நீராகாரச் சொம்பு அப்படியே நின்றது. குகையிடம் வளருது என்றார்கள், அது வளர்ந்தது. அந்த இன்னொரு சொல்லைச் சொன்னால் அது நின்றுவிடும். இவ்வளவுதான். இது இத்தனை நாளாக யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றி வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்களா?

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் கூடிவிட்டது. தகரத்துக்கு வெளியே நின்று பிரம்மசக்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லல தாயி" என்றார் வைகுண்டம். "அந்தச் சொல்ல மட்டும் உப்பு மொகத்துல எடுத்திராத. குகை நிக்கும், சரி. அளமும்லா நின்னுபோவும்? இத்தன சனம் எங்க போவும்?"

"எம் புருசன் எங்க போறாரு அண்ணாச்சி?"

"ஒரு ஆளப் பாத்தா ஊருக்கு ஆகுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்த ஒரு ஆளு ஒங்க வீட்டு ஆளா இருந்தா, இங்க வந்து பேசுவியளா?"

பிறகு லிங்கதுரை, தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்: "மைனி, குகைய மட்டும் நினைச்சுச் சொன்னாலும், அந்தச் சொல்லு அண்ணன் இருக்கிற இடத்துக்குத்தான போவுது. ஆள் செத்தா வாசல்ல வந்து எப்பிடிச் சொல்லுவாவ, நெனச்சுப் பாருங்க. அவன் முடி..." அதற்கு மேல் அவனாலும் சொல்ல முடியவில்லை.

மோட்டார்சைக்கிளுக்காகப் பேசுகிறானா, அண்ணனுக்காகப் பேசுகிறானா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவனாலும் பிரித்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பயம் அவளுக்குள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. உயிர் போனதும் வாசலில் வந்து நின்று சொல்கிற சொல்லும் அதேதான். அதைப் பெண்சாதி வாயால் சொல்லி, அதைக் குகை கேட்டு, அதை அவன்மேலேயே நடத்திவிட்டால்?

அதனால் அவள் சொல்லவில்லை. அக்கினி நட்சத்திரம் போய், காற்றுக் காலம் வந்து, அது போய், திரும்பவும் மழை வந்தது. சொல்லாமலே இருந்தாள். துணைக்கு என்று பெண்கள் முறைவைத்து அவளோடு வந்து உட்கார்ந்தார்கள், துணைக்கு இல்லை காவலுக்கு என்று அவளுக்கும் தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும். பேன் பார்த்தார்கள், நாடகக் கதை சொன்னார்கள், அவள் கொட்டாவி விட்டால்கூட வாயை உற்றுப் பார்த்தார்கள்.

அப்புறம் ஊரில் கயிறு இல்லாமல் போனது. வாங்கலாம்தான், டவுனில் கடை கடையாகக் கயிறு தொங்கியது. ஆனால் கங்காணியும் பெரிய ஆட்களும் அம்மன் கோயிலில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கயிறு போனாலும் போகாவிட்டாலும் திரவியம் நடக்கிறான், சுவர் போகிறது, உப்பு வளருகிறது. சாமிக்கு எதற்குக் கயிறு? கட்டி வைத்திருப்பதே பாவம். நுனியை விட்டுவிடுவோம், வாசலில் ஒரு கல் நட்டு, வருஷத்துக்கு ஒருமுறை கொடை விழா எடுப்போம்.

இதை அவளிடம் வந்து சொன்னது பிரம்மசக்தி. மத்தியான வெயில். அன்றைக்குக் காவல் முறை அவளுடையது. இடுப்பில் பேரப்பிள்ளை, கையில் அந்தப் பிள்ளையின் தொட்டில் கயிறு.

"இதான் ளா ஊர்ல இருந்த கடைசிக் கயிறு. அவிழ்த்துட்டு வந்துட்டேன். இதுக்கு மேல தர மாட்டாவ."

தொட்டில் கயிற்றை முடிந்தாள் புஷ்பக்கனி. அது எவ்வளவு நீளம் இருக்கும், ஒரு தாய் உட்கார்ந்து கைக்கெட்ட ஆட்டுகிற நீளம். பேசி முடிப்பதற்குள் ஓடித் தீர்ந்தது. நுனியை அவள் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். கயிறு இழுத்தது. அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். குதிகாலை ஊன்றினாள், உப்பு நெறுநெறுவென்று உடைந்தது, வாசல் தலைக்கு மேலே வந்தது, உள்ளே குளிர் முகத்தில் அடித்தது.

"விட்டுரு ளா! ஒன்னயும் கொண்டுபோயிரும்!" பிரம்மசக்தி பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தது. கயிறு தோலை அறுத்தது. அறுந்த தோல் வழியே புஷ்பக்கனிக்கு அவன் தெரிந்தான், அவ்வளவு தூரத்தில், இலேசாக, பூனைக்குட்டி மூச்சுமாதிரி. இப்போது விட்டால் அவன் முடிவில்லாமல் நடப்பான். சொன்னால் ஒருவேளை இந்த நிமிஷமே விழுவான். அவள் வாயைத் திறந்தாள். பிரம்மசக்தியின் கை வந்து அந்த வாயைப் பொத்தியது. உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கை, வெடிப்பெல்லாம் உப்பு. இரண்டு பெண்களும் அப்படியே மூச்சு வாங்கிக்கொண்டு இருளுக்குள் இழுபட்டுப் போனார்கள். பின்னால் வெளிச்சத்தில் பேரப்பிள்ளை வீறிட்டு அழுதது.

பிரம்மசக்தி ஒருமுறை திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அதற்கு அப்பால் பனையைத் தாண்டி நின்ற அம்பாரங்களைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"முடிஞ்சுது" என்றாள் புஷ்பக்கனி.

கத்திச் சொல்லவில்லை, பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அந்த ஊரில் பிறந்த எந்த வாயும் உப்புக்கு முன்னால் சொல்லாத சொல், விழுதுகளில் இடித்து, உறைந்த ஆற்றைத் தாண்டி, கப்பல்களுக்கு அடியில் குனிந்து, வளைவு வளைவாகப் போவது அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு கயிறு நின்றது.

சாயங்காலம் பாத்திகளில் வாரிவைத்திருந்த உப்பு நீர்த்துப்போனது. அம்பாரங்கள் மழையில்லாமல் கரைந்து, வாய்க்கால் வாய்க்காலாகக் கடலுக்கு ஓடின. அதற்குப் பிறகு தெப்பத்தில் எத்தனை தடவை கடலை ஏற்றினாலும் தண்ணீர் வற்றிச் சேறு மிஞ்சியது, சேற்றில் ஒரு மினுக்கம்கூட இல்லை. யாரும் அவளை அடிக்கவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. வீடு வீடாகச் சாமான் ஏற்றினார்கள், திருப்பூருக்கு, கேரளாவுக்கு, துறைமுகத்துக்கு. லிங்கதுரை வண்டியை விற்றுவிட்டுப் போனான். கங்காணி போகும்போது குகைப்பக்கம் திரும்பாமல், ரோட்டுக்குச் சொல்வதுபோல, "வாரோம்" என்றார். பழக்கம், வேறென்ன.

பிரம்மசக்தி கடைசியாகப் போனாள். "சொன்னது நீ. கைய எடுத்தது நானு. பாவத்துல பாதி எனக்கு ளா" என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

அதற்கப்புறம் புஷ்பக்கனி கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். சுண்டிப் பார்த்தாள், பதில் இல்லை. இழுத்தால் வந்தது. ஆள் நடந்து வந்தாலும் கயிறு இப்படித்தான் தொய்ந்து வரும், நுனியில் ஆளே இல்லாவிட்டாலும் இப்படித்தான் தொய்ந்து வரும். எது என்று கயிறு சொல்லவில்லை. இழுத்தாள். தொட்டில் கயிறு வந்தது, அதை அவிழ்த்துப் பிரம்மசக்தியின் பூட்டின வீட்டு வாசலில் தொங்கவிட்டாள். கொடிக்கயிறு வந்தது, அம்மனிடம் வைத்தாள். தேர்வடம் வந்தபோது தோளில் போட்டு இழுத்து மாதா கோயில் படியில் சுருட்டி வைத்தாள். துணிக்கொடி, சேலை, வலை, மாட்டுக் கயிறு, அந்தந்த வீட்டுக் கதவில் அந்தந்தக் கயிறு. ஆளில்லாத தெருவில் அவள் ஒருத்தி கயிறு கொடுத்துக்கொண்டே போனாள். சோற்றுப் பொதிகளும் ஒவ்வொன்றாக வந்தன, கெடாமல், கட்டின அன்று இருந்தபடி, கல்லுப்பாகக் கரித்துக்கொண்டு. அவனுக்கென்று ஆக்கின சோற்றைத் தின்றுதான் அவள் உயிரோடு இருந்தாள். சிவப்புத் துணி வரும்போதெல்லாம் சுண்டி, எண்ணைக் குறைத்துச் சொன்னாள், உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், அவள் எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்குள் குகை அதைத் திருப்பிச் சொன்னது. எதிரொலி என்று நினைத்தாள். அடுத்த துணிக்குச் சொல்லாமல் சுண்டிவிட்டு மட்டும் இருந்தாள்.

குகை, அவள் சொல்லாத அந்த எண்ணைச் சொன்னது. காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி ஒரு குரல்.

அதற்குப் பிறகு அவள் எத்தனை பொழுது இழுத்தாள், தின்றாளா, உறங்கினாளா என்று அவளுக்கே தெரியாது. அவன் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல, அம்பாரத்தடியில் நின்றதுபோல, ஆனால் பின்னோக்கி, எண்கள் தேய்ந்து தேய்ந்து வந்தன. மூணு என்றது குரல். மூணு என்றாள். ரெண்டு. ரெண்டு. கையில் இருந்தது முதல் கயிறு, அவளே அவன் இடுப்பில் கட்டினது. அது வந்தது, வந்தது, நின்றது.

"லாபம்" என்றான் திரவியம்.

வாசலில் நின்றான். தலை, புருவம், நெஞ்சு எல்லாம் வெள்ளை பூத்து, கண்ணைத் திறக்க முடியாமல், வலது கையில் பெயர்த்தெடுத்த சுவரின் ஒரு துண்டு ஒட்டியபடி. அவளால் லாபம் என்று திருப்பிச் சொல்ல முடியவில்லை. குடத்துத் தண்ணீரைச் சாய்த்து அந்தக் கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். துண்டு கரைந்தது. அந்த ஊரில் மிஞ்சியிருந்த உப்பு அவ்வளவுதான், அது அவள் கால்விரலுக்கிடையில் ஓடி மண்ணில் இறங்கியது. விடுபட்ட உள்ளங்கையில் ரேகை ஒன்றும் இல்லை.

அவன் அந்தக் கையால் அவள் முகத்தைத் தடவிப் பார்த்தான். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். உப்பு வாருகிற பலகைச் சத்தம் இல்லை, லாரிச் சத்தம் இல்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

"என்ன ளா, சத்தத்தக் காணோம்? அளத்துல உப்பு எப்பிடி இருக்கு?"

பதில் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் குகை வாயைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து, கண் தெரியாதவனைக் கூட்டிப்போவதுபோலக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வறண்ட பாத்திகளைத் தாண்டி, பூட்டின வீடுகளைத் தாண்டி, கதவு கதவாகத் தொங்கின கயிறுகள் காற்றில் ஆடுகிற தெருவைத் தாண்டி, தண்ணி லாரி வந்து நிற்கிற ரோட்டுமேட்டில் ஏறி, குகை கண்ணுக்கு மறைந்துவிட்டதா என்று திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்ட பிறகுதான், புஷ்பக்கனி அவனுக்குப் பதில் சொன்னாள்.

"வளருது" என்றாள்.

திரவியத்துக்குப் புரிந்தது. அவன் ரோட்டில் உட்கார்ந்துகொண்டான்.